பழைய பி450 போர்டிலேயே 5700எக்ஸ்3டி போடலாமா, ஏஎம்5-க்குப் போய்விடலாமா?

வைகைக்கரை (மதுரை) எழுதியது:

வணக்கம். கொஞ்ச நாளாக ஒரு முடிவுக்கு வர முடியவில்லை, அதனால் இங்கே கேட்கிறேன்.

என் கம்ப்யூட்டர் 2019-இல் அசெம்பிள் செய்தது. ரைசன் 5 2600 பிராசஸர், பி450 மதர்போர்டு, 8 ஜிபி டிடிஆர்4 ராம் இரண்டு, 550 வாட் எஸ்எம்பிஎஸ். கிராபிக்ஸ் கார்டை மட்டும் பிறகு மாற்றினேன், இப்போது ஆர்எக்ஸ் 6600. மானிட்டர் 1080பி, 144 ஹெர்ட்ஸ். விண்டோஸ் 11.

அதிகம் விளையாடுவது கவுன்டர் ஸ்டிரைக் 2 (சிஎஸ்2). ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் காலேஜ் கூட்டாளிகள் எல்லாரும் சேர்ந்துவிடுவோம். ஆட்டம் தொடங்கும்போது நொடிக்கு 140, 150 ஃபிரேம் காட்டும். எல்லாரும் ஒரே இடத்தில் இறங்கி, இரண்டு ஸ்மோக் (புகைக் குண்டு) விழுந்தவுடன் 70-க்குச் சரிந்துவிடும், அதுவும் சரியாகச் சுட வேண்டிய நேரத்தில். தனியாக இருக்கும்போது சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் முதல் பாகம். ஊரின் மக்கள்தொகை ஒரு லட்சத்தைத் தாண்டியதும் மூன்றாம் வேகத்தில் வைத்தாலும் ஆமை மாதிரிதான் நகர்கிறது. சைபர்பங்க் 2077 எப்போதாவது.

டவுனில் ஒரு கடையில் கேட்டேன். “பி450 செத்துப்போன போர்டு, கார்டுக்குப் போகும் பாதை பழைய பிசிஐஇ 3.0 என்பதால் உங்கள் கார்டு பாதி வேகத்தில்தான் ஓடும். ரைசன் 5 7600, பி650 போர்டு, 32 ஜிபி டிடிஆர்5 என்று மொத்தமாக மாற்றிவிடுங்கள்” என்றார்கள். அதாவது பிராசஸர் உட்காரும் சாக்கெட்டே மாறி, ஏஎம்டி-யின் புது ஏஎம்5-க்குப் போவது. கொட்டேஷனைப் பார்த்தால் ராம் விலையே பிராசஸர் விலையைத் தாண்டுகிறது. என்னிடம் இருப்பது போனஸில் எடுத்து வைத்த 30,000 ரூபாய். இன்னொரு கடையில் என் போர்டிலேயே உட்காரும் 5700எக்ஸ்3டி பிராசஸர், பெட்டி பிரிக்காதது ஒன்று இருக்கிறது, அது பட்ஜெட்டுக்குள் வரும். சாதாரண 5600 இன்னும் மலிவு.

ஏஎம்4 என்ற, 2022-க்கு முந்தைய பிளாட்ஃபார்மில் இப்போது காசு போடுவது சரியா? மாற்றினால் நாலைந்து வருஷத்துக்கு மறுபடி கை வைக்காத மாதிரி இருக்க வேண்டும்.


ஸ்குரூடிரைவர் (திருநெல்வேலி) எழுதியது:

தம்பி, புதுசா பழசா என்பதை அப்புறம் பேசலாம். உன் கேமை இப்போது பிடித்து நிறுத்துவது பிராசஸரா, கிராபிக்ஸ் கார்டா என்று முதலில் தெரிய வேண்டும். அது தெரியாமல் யார் என்ன சொன்னாலும் ஊகம்தான். கடைக்காரர் சொன்னதும் ஊகம், நான் சொல்லப் போவதும் ஊகம்.

பார்ப்பது சுலபம். ஏஎம்டி அட்ரினலின் மென்பொருளிலேயே கேம் ஓடும்போது மூலையில் எண்களைக் காட்டும் வசதி இருக்கிறது. அதில் கிராபிக்ஸ் கார்டின் பயன்பாட்டைக் கவனி. 95 முதல் 99 சதவீதம் வரை நின்றால் கார்டு தன்னால் ஆன மட்டும் உழைக்கிறது என்று அர்த்தம், அங்கே பிராசஸர் மாற்றினால் பெரிய பலன் இல்லை. 50, 60 என்று தொங்கினால் கார்டு வேலைக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது, பிராசஸர் அனுப்பவில்லை. உறுதி செய்ய ரெசல்யூஷனை 720பி ஆக்கி, எல்லா செட்டிங்கையும் லோவில் வைத்து அதே மேப்பை ஆடு. ஃபிரேம் ஏறவே இல்லையென்றால் சந்தேகமே வேண்டாம், பிராசஸர் பக்கம்தான் கோளாறு.

இங்கே “பிராசஸர் பக்கம்” என்று சொல்வதில் ராமும் சேர்த்தி. உன் ராம் இரண்டும் எந்த ஸ்லாட்டில் இருக்கின்றன? நாலு ஸ்லாட் இருக்கும் போர்டில் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நாலாவதிலும் இருக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் செருகியிருந்தால் இரண்டும் ஒரே சேனலில், அதாவது பிராசஸருக்குப் போகும் ஒரே பாதையில் ஓடும். ரைசன் முதல் தலைமுறைகளை இது ரொம்பவே பாதிக்கும். சிபியு-இசட் என்ற மென்பொருளைப் போட்டு மெமரி பக்கத்தில் பார். அங்கேயே வேகத்தையும் பார்த்துவிடு. போர்டின் உள் மென்பொருளான பயாஸில் எக்ஸ்எம்பி (ராமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் செட்டிங்) போடாவிட்டால் 3200 ராம் 2133-இலோ 2400-இலோ ஓடிக்கொண்டிருக்கும். என் கடைக்கு “ஸ்லோ” என்று வரும் கேமிங் கம்ப்யூட்டர்களில் இந்த இரண்டில் ஒன்று அடிக்கடி இருக்கும். காசே செலவில்லாமல் சரியாகிற விஷயம்.

பிசிஐஇ பாதி வேகம் என்ற பயம் உனக்கு வேண்டாம். ஆர்எக்ஸ் 6600-இல் எட்டுப் பாதைகள்தான் உண்டு, அது உண்மை. பி450-இல் அந்த எட்டும் 3.0 வேகத்தில் ஓடும், அதாவது கிட்டத்தட்ட 8 ஜிபி ஒரு நொடிக்கு. 4.0-இல் அது இரண்டு மடங்கு. ஆனால் கேம் அந்தக் குழாயை முழுதாக நிரப்புவதே இல்லை. இழப்பு பெரும்பாலும் சில சதவீதம்தான். கார்டின் 8 ஜிபி மெமரி நிரம்பி வழிகிற அளவுக்கு டெக்ஸ்ச்சரை ஏற்றினால் மட்டும் அது கடிக்கும். டெக்ஸ்ச்சரை ஒரு படி இறக்கினால் போதும்.

சோதித்துவிட்டு எண்களைப் போடு, பேசலாம்.


கிளமென்டிக்காரன் (சிங்கப்பூர்) எழுதியது:

ஸ்குரூடிரைவர் அண்ணன் சொன்ன சோதனையைச் செய்யுங்கள். ஆனால் நாலைந்து வருஷம் என்று நீங்களே சொல்லியிருப்பதால் மறுபக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும்.

ஏஎம்4-க்கு இதற்கு மேல் பெரிதாக எதுவும் இல்லை. ரைசன் 5000-தான் அதன் கடைசி வரிசை. 5700எக்ஸ்3டி போட்டபின் வேகம் போதவில்லை என்று தோன்றினால் போர்டு, ராம், பிராசஸர் மூன்றும் சேர்ந்து மாறும். ஏஎம்5 அப்படியில்லை. 2022 செப்டம்பரில் வந்த சாக்கெட், 7000 வரிசை, 9000 வரிசை இரண்டும் அதில் அமர்கின்றன, 2027 வரையும் அதற்குப் பிறகும் ஆதரவு உண்டு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. நான் 2023-இல் 7600 வாங்கினேன். பிறகு அதே போர்டில் பயாஸ் மட்டும் புதுப்பித்து 7800எக்ஸ்3டி செருகினேன், வேறு எதையும் தொடவில்லை. பழைய 7600-ஐ நல்ல விலைக்கு விற்கவும் முடிந்தது.

இன்னொன்று, 7600-இல் சின்னதாக ஒரு கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. கார்டு ரிப்பேருக்குப் போனால் கம்ப்யூட்டர் நின்றுவிடாது. 5700எக்ஸ்3டி-யில் அது கிடையாது.

இன்றைக்குக் காசை மிச்சம் பிடித்து, இரண்டு வருஷத்தில் எல்லாவற்றையும் மறுபடி வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. கொஞ்சம் காத்திருந்து, காசு சேர்த்து, ஏஎம்5-க்குப் போங்கள் என்பேன்.


வைகைக்கரை எழுதியது:

அண்ணா, நீங்கள் சொன்னது அப்படியே இருந்தது. ராம் இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டில்! சிபியு-இசட் ஒற்றைச் சேனல் என்று காட்டியது. எக்ஸ்எம்பி போட்டிருந்தது, அது சரியாக இருந்தது. ராமை இரண்டாவது, நாலாவது ஸ்லாட்டுக்கு மாற்றினேன். ஸ்மோக் நேரத்தில் 70-க்கு விழுந்தது இப்போது 85, 90-இல் நிற்கிறது. இத்தனை வருஷமாக இப்படியே ஓட்டியிருக்கிறேன் என்று நினைத்தால் மனசு கேட்கவில்லை.

ஆனாலும் கார்டு முழுதாக வேலை செய்யவில்லை. சிஎஸ்2-இல் அடிதடி நேரத்தில் கார்டு 60 சதவீதம். 720பி லோவில் வைத்தேன், ஃபிரேம் கிட்டத்தட்ட அதே இடம்தான். ஸ்கைலைன்ஸில் கார்டு 40-ஐத் தாண்டவே இல்லை. சைபர்பங்கில் மட்டும் 97, 98.

கிளமென்டிக்காரன் அண்ணா சொல்வதும் நியாயமாகப் படுகிறது. அதுதான் குழப்பம்.


ஸ்குரூடிரைவர் எழுதியது:

நல்லது. இப்போது பேசுவதற்குக் கையில் ஏதோ இருக்கிறது.

சைபர்பங்க் கணக்கில் வராது. அங்கே கார்டு முட்டிவிட்டது, ஏஎம்5-இன் 9800எக்ஸ்3டி-யையே கொண்டுவந்து வைத்தாலும் சராசரி ஏறப் போவதில்லை. நீ மாற்ற நினைப்பது சிஎஸ்2-க்கும் ஸ்கைலைன்ஸுக்கும்தான், அவை இரண்டுமே பிராசஸரைப் பிழிகிற கேம்கள்.

2600 ஏன் திணறுகிறது என்று பார். 144 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு ஒவ்வொரு ஃபிரேமும் 7 மில்லிசெகண்டுக்குள் தயாராக வேண்டும். அந்த 7 மில்லிசெகண்டில் யார் எங்கே நிற்கிறார்கள், குண்டு எதில் பட்டது, புகை எப்படி விரிகிறது எல்லாவற்றையும் பிராசஸர் கணக்குப் போட வேண்டும். அதற்கான தகவல் மெமரியில் அங்கங்கே சிதறிக் கிடக்கும். பிராசஸருக்குள் இருக்கும் எல்3 கேஷில் கிடைத்தால் சுமார் 10 நானோசெகண்டில் கைக்கு வரும். இல்லையென்றால் ராம் வரை போய் வர 70, 80 ஆகும். அஞ்சறைப்பெட்டியில் இருக்கும் கடுகை எடுப்பதற்கும் தெருமுனைக் கடைக்குப் போய் வாங்கி வருவதற்கும் உள்ள வித்தியாசம் அது. உன் 2600-இல் எல்3 16 எம்பி, அதுவும் எட்டு எட்டாகப் பிரிந்து, மூன்று கோருக்கு ஒரு பாதி என்று கிடக்கிறது. ஒரு பாதி மறு பாதியோடு பேசவே நேரம் போகும். 5600-இல் ஆறு கோருக்கும் பொதுவாக 32 எம்பி. 5700எக்ஸ்3டி-யில் அந்த 32-க்கு மேலே இன்னொரு 64 எம்பி அடுக்கி மொத்தம் 96, கோரும் எட்டு.

இப்போது புதுசு, பழசு கேள்விக்கு வருகிறேன். 2022 ஏப்ரலில் வந்த 5800எக்ஸ்3டி, 2023 ஜனவரியில் வந்த 7600, இரண்டையும் கேமில் வைத்துப் பார்த்தால் சராசரியில் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நிற்கும். பழைய கட்டமைப்பு, மெதுவான டிடிஆர்4, குறைந்த கிளாக், எல்லாவற்றையும் அந்தக் கேஷ் ஈடுகட்டிவிடுகிறது. 5700எக்ஸ்3டி அதன் தம்பி, கிளாக் 4.5-க்குப் பதில் 4.1 கிகாஹெர்ட்ஸ், ஒரு படி கீழே. ஆக, கடைக்காரர் உனக்குக் காட்டுகிற 7600-க்கும் உன் பழைய போர்டில் உட்காரப் போகிற சிப்புக்கும் இடையில் ஆர்எக்ஸ் 6600 வைத்துக்கொண்டு உன்னால் கண்டுபிடிக்க முடிகிற வித்தியாசம் மிகக் கொஞ்சம். போர்டும் ராமும் புதிதாக வாங்குகிற காசு அந்தக் கொஞ்சத்துக்குத்தான் போகும்.

கிளமென்டிக்காரர் சொன்னதில் ஒரு வரிகூட தப்பில்லை. ஒன்றுமில்லாமல் முதலிலிருந்து கட்டுகிறவன் என்றால் நானும் ஏஎம்5 என்றுதான் சொல்வேன், சொல்லியும் வந்திருக்கிறேன். ஆனால் அவர் 2023-இல் வாங்கியபோது டிடிஆர்5 விலை இறங்கிக்கொண்டிருந்தது. 2025 கடைசியில் அது தலைகீழாகிவிட்டது. ஏஐ சர்வர்களுக்கு மெமரி போகிறது, நமக்கு வருவது குறைந்து விலை இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. டிசம்பரில் மைக்ரான் நிறுவனம் குரூசியல் என்ற பெயரில் நமக்கு விற்றுவந்த ராம் வியாபாரத்தையே நிறுத்தப் போவதாக அறிவித்துவிட்டது. இந்த விலையில் உன் கையில் வேலை செய்கிற 16 ஜிபி டிடிஆர்4-ஐ ஓரமாக வைத்துவிட்டு 32 ஜிபி டிடிஆர்5 வாங்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாலைந்து வருஷம் என்று கேட்டாய் அல்லவா, இந்த சிப் அந்தக் கார்டோடு அத்தனை காலம் நிற்கும். ஏஎம்5-க்கோ அதற்கு அடுத்ததற்கோ நீ போகும்போது ராம் விலை எப்படி இருந்தாலும், இன்றைக்கு அவசரத்தில் வாங்கியதாக இருக்காது.

5600-ஆ, 5700எக்ஸ்3டி-யா? 2600-இலிருந்து 5600-க்குப் போவதே பெரிய தாவல், சிஎஸ்2 மட்டும் ஆடுகிறவனுக்கு அதுவே போதும். ஸ்கைலைன்ஸ் ஆடுகிறாய் என்பதால்தான் எக்ஸ்3டி பக்கம் சாய்கிறேன், அந்த மாதிரி கேமுக்குக் கேஷ் பெரிதாக உதவும். 5600-இன் விலையில் ஒன்றரை மடங்கு வரை கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கு. இரண்டு மடங்கைத் தாண்டினால் 5600 எடுத்துக்கொண்டு மிச்சத்தை அடுத்த கிராபிக்ஸ் கார்டுக்கு வை. ஸ்கைலைன்ஸில் அசெட் (கூடுதல் கட்டிடம், வண்டி மாதிரி) நிறைய சேர்த்திருந்தாய் என்றால் 16 ஜிபி ராமும் நிரம்பும், அதையும் டாஸ்க் மேனேஜரில் பார்த்துவிடு.

பெட்டி பிரிக்காதது என்றாய், சீல் சரியாக இருக்கிறதா, பெட்டியில் இருக்கும் சீரியல் எண் ஏஎம்டி-யின் வாரண்டியில் செல்லுமா என்று கேட்டு பில்லில் எழுதி வாங்கு. பெட்டிச் சரக்குக்கு மூன்று வருஷ வாரண்டி. பெட்டி இல்லாமல் ட்ரே சரக்காகத் தந்தால் கடைக்காரர் என்ன வாரண்டி தருகிறாரோ அதுதான். விலை அதற்கேற்றபடி குறைய வேண்டும்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியதைச் சொல்கிறேன், இதில்தான் ஆட்கள் சிக்கிக்கொள்கிறார்கள்.

பழைய பிராசஸர் உள்ளே இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிடு. 2020 மே மாதத்தில் 400 வரிசை போர்டுகளில் ரைசன் 5000 வராது என்றுதான் ஏஎம்டி முதலில் சொன்னது, ஆட்கள் கொந்தளித்த பிறகு மனம் மாறியது. அதனால் 2019 போர்டில் இருக்கும் பயாஸுக்கு இந்தச் சிப்பை அடையாளமே தெரியாது. போர்டின் முழுப் பெயரையும் ரிவிஷன் எண்ணையும் போர்டிலேயே படித்து, அதே பக்கத்தில் இருந்து ஃபைலை இறக்கு. ரொம்பப் பழைய பயாஸிலிருந்து ஒரேயடியாகத் தாவ முடியாத போர்டுகள் உண்டு, இடையில் ஒரு பதிப்பைப் போட்டுவிட்டுத்தான் கடைசிக்குப் போக வேண்டும். அந்தப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும், படி. யூபிஎஸ் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதே. பாதியில் கரண்ட் போனால் போர்டு போய்விடும்.

சிப்பைக் கழற்றுவதற்கு முன் விண்டோஸில் பிட்லாக்கர் (டிரைவைப் பூட்டி வைக்கும் வசதி) ஓடுகிறதா என்று பார். ஓடினால் தற்காலிகமாக நிறுத்தி, ரிகவரி கீயைப் போனிலோ தாளிலோ எழுதி வை. அந்தப் பூட்டின் சாவியைக் காக்கும் டிபிஎம் பிராசஸருக்குள்ளேதான் இருக்கிறது, சிப் மாறினால் அதிலிருக்கும் சாவி போய்விடும். முதல் முறை ஆன் செய்யும்போது எஃப்டிபிஎம்-ஐ (இதே டிபிஎம்தான்) ரீசெட் செய்யலாமா என்று ஒரு கறுப்புத் திரை கேட்கும். ரிகவரி கீ இல்லாமல் அங்கே ‘ஒய்’ அழுத்தியவர்கள் மொத்த டிரைவையும் இழந்து என்னிடம் வந்திருக்கிறார்கள். போட்டோ, பிராஜெக்ட், எல்லாம் போய்விடும். தயவுசெய்து இதைத் தாண்டிப் போகாதே.

ஏஎம்4-இல் ஊசிகள் பிராசஸரின் அடியில், மொத்தம் 1331. சிப்புக்கும் கூலருக்கும் இடையில் தடவிய பேஸ்ட் காய்ந்து சிப் கூலரோடு ஒட்டிக்கொண்டிருக்கும், நேராக மேலே இழுத்தால் லாக் போட்டிருக்கும்போதே சிப் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், ஊசி வளையும். பத்து நிமிஷம் ஒரு கேம் ஓட்டிச் சூடேற்றிவிட்டு ஆஃப் செய், ஸ்குரூவைக் கழற்று, கூலரை இடம் வலமாக மெதுவாகத் திருகி ஒட்டு விட்டபிறகுதான் தூக்க வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் எக்ஸ்எம்பி மறுபடி போடு, பயாஸ் புதுப்பித்தால் அது அழிந்துவிடும். ரீசைசபிள் பாரையும் (கார்டின் மெமரி முழுவதையும் பிராசஸர் ஒரேயடியாக எட்டவிடும் செட்டிங்) ஆன் செய், 5000 வரிசையோடு உன் கார்டுக்கு அது வேலை செய்யும்.


பஞ்சாலைப்பெண் (கோவை) எழுதியது:

ஸ்குரூடிரைவர் அண்ணா, இதிலேயே என் கேள்வியையும் கேட்டுக்கொள்கிறேன். தம்பிக்கு முதலிலிருந்து புதிதாகக் கட்டுகிறோம். கடையில் ஏஎம்5 பிராசஸரில் 7500எஃப், 8400எஃப் இரண்டும் காட்டி, 8400எஃப்-தான் அடுத்த தலைமுறை, புதுசு, அதையே எடுங்கள் என்கிறார்கள். விலையும் கிட்டத்தட்ட ஒன்று. கிராபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 4060. வீட்டில் அப்பா ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த 16 ஜிபி டிடிஆர்4 ராம் ஒரு ஜோடி சும்மா கிடக்கிறது, அதைப் பயன்படுத்த வழி உண்டா?


ஸ்குரூடிரைவர் எழுதியது:

7500எஃப், அம்மா. பெயரில் இருக்கும் எண்ணை நம்பக் கூடாது. 8400எஃப் லேப்டாப்புக்காகச் செய்த சிப்பை மேசைக் கம்ப்யூட்டருக்கு மாற்றியது. எல்3 16 எம்பிதான், 7500எஃப்-இல் 32. கிராபிக்ஸ் கார்டுக்கு அது தருகிற பாதைகளும் பாதி. எண் பெரிது, கேமில் வேகம் குறைவு. ஏஎம்4-இலும் இதே பொறி உண்டு: 5500, 5600ஜி இரண்டும் 5600-இன் உறவு மாதிரி தெரியும், ஆனால் கேஷ் பாதி, பிசிஐஇ 3.0. விலை நன்றாகக் குறைந்தால் மட்டும் பார்க்கலாம்.

ஏஎம்5-இல் டிடிஆர்4 நுழையாது. அது கையில் இருக்கிறது என்றால் இன்டெல் கோர் ஐ5 12400எஃப்-ஐயும் விசாரியுங்கள். 2022 ஜனவரியில் வந்த சிப், ஆறு கோர். அந்தச் சாக்கெட்டுக்கு டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு, வாங்கும்போது டிடிஆர்4 என்று சொல்லிக் கேட்க வேண்டும், ஒன்றின் ராம் மற்றதில் நுழையாது. பதின்மூன்றாம், பதினான்காம் தலைமுறைச் சிப்கள் சிலவற்றில் வோல்டேஜ் ஏறி நாளடைவில் கெட்டுப்போகும் சிக்கல் இருந்ததை 2024-இல் இன்டெலே ஒப்புக்கொண்டு பயாஸ் திருத்தமும் கூடுதல் வாரண்டியும் தந்தது. 12400எஃப் அதற்கு முந்தையது, அந்தச் சிக்கல் இல்லை. ராமின் வேகம் என்னவென்று ஸ்டிக்கரில் பாருங்கள். ஆபீஸ் மெஷின் ராம் 2400, 2666 என்று இருந்தால் கேமில் கொஞ்சம் இழுக்கும், ஆனால் இன்றைய விலையில் அதைத் தூக்கிப் போட மாட்டேன்.

ஏஎம்5 எடுத்தால் ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள். முதல் முறை ஆன் செய்யும்போது ராமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிஷங்கள் திரை கறுப்பாகவே இருக்கும். பயந்து சுவிட்சை அணைத்துவிடாதீர்கள்.


வைகைக்கரை எழுதியது:

அண்ணா, 5700எக்ஸ்3டி-க்குச் சொல்லிவிட்டேன். 5600-இல் ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் குறைவாகவே பேசி முடித்தோம். பில்லில் சீரியல் எண் எழுதித் தருகிறார்கள். கிளமென்டிக்காரன் அண்ணா, உங்கள் பேச்சையும் மறக்கவில்லை, அடுத்த முறை நேராக ஏஎம்5 அல்லது அதற்கு அடுத்ததுதான். இரண்டு சந்தேகம் மிச்சம். 2600-உடன் வந்த கூலரையே போடலாமா? 550 வாட் போதுமா?


ஸ்குரூடிரைவர் எழுதியது:

550 தாராளம். உன் கார்டு 132 வாட், இந்தச் சிப் கேமில் 105-ஐத் தொடுவதே அபூர்வம்.

கூலர் வேண்டாம். பெட்டியில் கூலர் வராது, 2600-உடன் வந்த பழைய ஸ்டெல்த் கூலர் 65 வாட் சிப்புக்கு வந்தது. மேலே அடுக்கிய கேஷ் சூட்டை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும், 90 டிகிரியில் சிப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மதுரையில் சித்திரை மாதம் ஃபேன் காற்றே அனலாக வரும்போது அந்தச் சின்னக் கூலர் தாங்காது. 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்று வைத்த சாதாரண டவர் கூலர் போதும், தண்ணீர்க் கூலர் தேவையே இல்லை. கேபினட்டில் உயரம் இடிக்காதா என்று அளந்துகொள்.

அதோடு, டவர் கூலர் வாங்குவதற்கு முன் மதர்போர்டின் பழைய பெட்டியைத் தேடு. ஸ்டெல்த் கூலர் நேராகப் போர்டின் பின்தகட்டில் திருகப்படுவதால், சாக்கெட்டின் இருபுறமும் இருந்த பிளாஸ்டிக் பிடிகள் இரண்டையும் அசெம்பிள் செய்தவர் கழற்றியிருப்பார். கொக்கி மாட்டுகிற மாதிரி கூலருக்கு அவை வேண்டும். கிடைக்கவில்லை என்றால் பின்தகட்டில் நேராகத் திருகுகிற மாதிரி கூலராகக் கேட்டு வாங்கு. ஸ்டெல்த்தின் ஸ்குரூவைக் கழற்றும்போது போர்டைப் படுக்கவைத்து, பின்தகட்டை ஒரு கையால் பிடித்துக்கொள், அது கழன்று பின்னால் விழுந்துவிடும்.